காங்கயம் வரை உடன் வந்த கிரகணக் கண்ணாடி

2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர் வழியாகக் கடந்து சென்ற வளைய சூரிய கிரகணத்திற்காக நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கிய கண்ணாடி இது. அட்டையால் ஆன சட்டம், கறுப்பு நிற பாலிமர் வடிகட்டி, காதில் மாட்டும் பட்டையின் உட்புறத்தில் ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரக்குறியீடு ஆகியவை இதன் அடையாளங்கள். வளையத்தை அது தெளிவாகக் காட்டியது. ஆனால் அதன் நிறைகுறைகளை எனக்கு முழுமையாகப் புரியவைத்தது அடுத்த ஆண்டு, 2020 ஜூன் 21 அன்று நிகழ்ந்த பகுதி கிரகணம்தான்.

ஆனி மாதத்துக் கோவையில் சூரியனைப் பார்ப்பது எளிதன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று மேகங்களைக் கூட்டம் கூட்டமாகத் தள்ளிக்கொண்டு வரும். அன்று காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில் நின்று பார்த்தபோது மேற்கே மலையே தெரியவில்லை. கைபேசியில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால், கோவைக்கு மேல் வெண்மையாகப் படர்ந்திருந்த மேகம் பல்லடத்தைத் தாண்டியதும் கிழிந்து துண்டு துண்டாகச் சிதறியிருந்தது. கணவாயிலிருந்து விலக விலகக் காற்றில் ஈரம் குறையும். வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் காடுகள் வானம் பார்த்துக் காய்ந்து கிடப்பதற்குக் காரணமான அதே வறட்சிதான் அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது. கொரோனா ஊரடங்கில் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் உள்ளிட்ட மேற்கு மாவட்டங்கள் ஒரே மண்டலமாக இருந்ததால், மாவட்டம் விட்டு மாவட்டம் போக அந்த வாரம் இ-பாஸ் என்ற அனுமதிச்சீட்டு தேவைப்படவில்லை. மாமாவை அழைத்துக்கொண்டு சூலூர், பல்லடம் வழியாகக் காங்கயம் நோக்கிக் காரில் புறப்பட்டேன்.

கிரகணம் பத்து மணிக்குப் பிறகு தொடங்கியபோது நாங்கள் பல்லடத்தைக்கூடத் தாண்டவில்லை. வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தியும் பயனில்லை. மேகத்தின் பின்னால் சூரியன் மங்கலாகத் தெரிகிறது, ஆனால் கண்ணாடியைப் போட்டவுடன் ஒன்றுமே தெரிவதில்லை. இதைக் கண்ணாடியின் குறை என்று நினைப்பது பெரும் தவறு. சூரிய ஒளியில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. மெல்லிய மேகம் குறுக்கிட்டாலும் அந்த ஒரு பங்கும் போய்விடும். "மேகந்தான் இருக்குதே கண்ணு, சும்மாவே பாத்தா என்ன?" என்று மாமா கேட்டபோது நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். மேகம் விலகும் நொடியில் விழித்திரை புண்படலாம்; விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் புண்பட்டதும் அப்போது தெரியாது.

காங்கயத்தை நெருங்கும்போது, கிளுவை வேலியிட்ட ஒரு கொரங்காட்டின் (மேய்ச்சல் நிலத்தின்) ஓரத்தில் எங்கள் நிழல் தரையில் கூர்மையாக விழுந்தது. உடனே இறங்கினோம். மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. கண்ணாடி வழியே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறிய வட்டம். அதன் வடக்கு ஓரத்தில் ஏறத்தாழக் கால் பங்கை நிலவு மறைத்திருந்தது. விளிம்பு சிறிதும் கலங்காமல் கத்தியால் அரிந்ததுபோல் இருந்தது. நாற்பது ரூபாய்ப் பொருளிடம் இதைவிட நான் என்ன எதிர்பார்க்க முடியும்?

குறைகளும் அங்கேதான் தெரிந்தன. சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிட்டதால் தலையை முழுவதும் பின்னால் சாய்க்க வேண்டும். அப்போது அட்டைச் சட்டம் காதிலிருந்து நழுவுகிறது. மூக்குக் கண்ணாடி அணியும் மாமாவுக்கு அது நிற்கவே இல்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே பார்த்தார். முகக்கவசத்திலிருந்து மேலெழுந்த மூச்சு வடிகட்டியின் உட்புறத்தில் பனியாகப் படிந்தது. துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும் என்பதால் காய்ந்து தெளியும்வரை காத்திருந்தோம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், "ஏனுங்க, இதுல பாத்தா கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று தயங்கியபடி வாங்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் இருந்த பிள்ளைகளையும் கூப்பிட்டார். அவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேப்பமரத்தடியைக் கவனித்தேன். இலை இடுக்குகள் வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் அத்தனையும் ஓரம் கடிபட்ட வட்டங்களாக மண்ணில் ஆடிக்கொண்டிருந்தன. கண்ணாடி இல்லாதவர்களுக்கு அந்த மரத்தடியே போதும்.

வாங்குபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னர் வேறொரு கடையில் இதே தோற்றத்தில் வாங்கிய கண்ணாடியில் தரக்குறியீடு இல்லை. அறைக்குள் அதைப் போட்டபோது டியூப் லைட் நீளமாகத் தெரிந்தது. அதை அன்றே வெட்டி எறிந்துவிட்டேன். நல்ல கண்ணாடியில் சாதாரண வீட்டு விளக்கு தெரியக் கூடாது. எக்ஸ்-ரே படம், புகையேற்றிய கண்ணாடி ஆகியவற்றை நம்பவே கூடாது.

2022 அக்டோபர் 25 அன்று, தீபாவளிக்கு மறுநாள், சூரியன் மறையும் வேளையில் வந்த கிரகணத்துக்கு இதே கண்ணாடி அவ்வளவாக உதவவில்லை. அடிவானத்துப் புகைமூட்டத்தில் ஒளி ஏற்கெனவே குறைந்துவிட்டதால் சூரியன் மங்கிய செம்புக்காசாகத்தான் தெரிந்தது. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மறைந்த அந்த ஓரத்தை ஒருமுறை கண்டுகொள்வதற்குள் மலை மறைத்துவிட்டது.

இப்போது அது இரண்டு அட்டைகளுக்கு நடுவே, வெயில் படாத அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்ததும் கீறலோ ஊசித்துளையோ இருக்கிறதா என்று விளக்கொளியில் பார்த்துக்கொள்கிறேன். 2027 ஆகஸ்ட் 2 அன்று மாலையில் நம் பக்கத்தில் மீண்டும் ஒரு பகுதி கிரகணம் தெரியும். அது ஆடி மாதம்; கணவாய்க் காற்று ஓய்ந்திருக்காது. மாமாவின் மூக்குக் கண்ணாடிக்கு மேல் பொருந்தும்படி அகலமான சட்டத்தில் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன். அன்று மதியமே பல்லடத்தைத் தாண்டிவிடுவதாக இருவரும் பேசிவைத்திருக்கிறோம்.