எமரால்டு கிராப் ரிவ்யூ: கொளத்தூர்ல வாங்கினது, பபுள் ஆல்கே பிரச்சனைக்கு

மெரைன் டேங்க், அதாவது கடல் மீன் தொட்டி வெச்சிருக்கவங்களுக்கு பபுள் ஆல்கேங்குற பாசித் தொல்லை தெரியாம இருக்காது, லைவ் ராக் (தொட்டியில போடுற, நுண்ணுயிர் வாழுற கடல் பாறை) மேல பச்சை ஜவ்வரிசி ஒட்டி வெச்ச மாதிரி உருண்டை உருண்டையா வரும், கையால பிச்சா பாதி ராக்லயே நின்னு திரும்ப வளரும், நத்தைங்க அதை சீண்டுறதே இல்ல. இதை ஆசையா சாப்பிடுறது எமரால்டு கிராப்தான். கரீபியன் கடல் நண்டு, முழுசா வளந்தாலும் 5 செ.மீ. சுமார்தான் வரும்.

நண்டு வாங்க சென்னை கொளத்தூர் போனேன், வண்ண மீனுக்கு அந்த ஏரியாவை விட்டா வேற எங்க போறது. ஆனா அங்க முக்கால்வாசி கடை நல்ல தண்ணி மீன்தான், அதனால முதல்லயே போன் பண்ணி ஸ்டாக் கேட்டுட்டு கிளம்புங்க. கடையில கலரைப் பாக்காதீங்க, கொடுக்கைப் பாருங்க. எமரால்டுக்கு கொடுக்கு நுனி குழிவா மழுங்கி இருக்கும், பாசி சுரண்டுறதுக்குன்னே அமைஞ்சது. பச்சையா இருந்து நுனி கூரா இருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க, அது மீனைப் புடிக்கிற வகையா இருக்கலாம். அப்புறம் அந்த டேங்க்ல காப்பர் மருந்து போட்டாங்களான்னு கட்டாயம் கேளுங்க, மீனுக்கு வர்ற வெள்ளைப் புள்ளி நோய்க்கு போடுற அந்த மருந்து மீனைக் காப்பாத்தும் ஆனா நண்டு, இறால், நத்தைக்கெல்லாம் விஷம்.

வீட்டுக்கு வந்ததும் கவரைக் கவுத்துடாதீங்க. ஏர் டியூப்ல முடிச்சு போட்டு டேங்க் தண்ணியை நண்டு இருக்குற தண்ணியில சொட்டு சொட்டா விட்டு ஒரு மணி நேரமாவது பழக்குங்க.

பகல்ல ராக் சந்துக்குள்ளயே பதுங்கி இருக்கும். ராத்திரி லைட் அணைச்சுட்டு டார்ச்சுல சிவப்பு பேப்பர் ஒட்டிப் பாருங்க, அவ்ளோ அழகு! ரெண்டு கொடுக்கும் மாத்தி மாத்தி வாய்க்குப் போகுது, ஒரு உருண்டையைப் புடிச்சு திருகி இழுத்து உடைக்குது, உடைஞ்ச தோல் சுருங்குறது கூட நல்லா தெரியுது. சின்ன உருண்டையெல்லாம் கொஞ்ச வாரத்துல காலி, பெருசை மட்டும் தொடவே இல்ல, அதை நாமளே எடுத்துக்கணும்.

ஆனா நண்டை விட்டா மட்டும் போதாது, மீன் கழிவு, மிச்சத் தீனியால தண்ணியில சேருற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிக்கிட்டே இருந்தா பாசி வந்துக்கிட்டேதான் இருக்கும். நம்ம பக்கத்து போர் தண்ணி, லாரி தண்ணி வேண்டவே வேண்டாம், நல்ல ஆர்ஓ தண்ணிதான். கத்திரி வெயில்ல டேங்க் சூடு 27 டிகிரியைத் தாண்டாம பாத்துக்கணும், ஃபேன் வெச்சா கொஞ்சம் குறையும் ஆனா தண்ணி சீக்கிரம் வத்தும், வத்துன அளவுக்கு உப்பு போடாத ஆர்ஓ தண்ணியை மட்டும் ஊத்துங்க, தண்ணி ஆவியாப் போனாலும் உப்பு டேங்க்லயேதான் நிக்கும். உப்பு அளவைக் காட்டுற ஒப்படர்த்தி (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025 பக்கத்துல நிலையா இருந்தா நண்டு நிம்மதியா இருக்கும்.

பாசி தீந்ததும் பட்டினி போடாதீங்க ப்ளீஸ், பசிச்சா கோரலை நோண்டும், தூங்குற குட்டி மீன் மேலயும் கை வெக்கும். நோரி ஷீட் (காய வெச்ச கடல்பாசி) சின்னதா கிள்ளி ராக் பக்கத்துல வெச்சா போதும். காலோட கொடுக்கோட முழுசா ஒரு நண்டு அசையாம கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, பெரும்பாலும் அது உரிச்ச ஓடா இருக்கும், உள்ள இருந்தது மெத்துன்னு எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். பஃபர், ட்ரிகர் மீன் வளக்குறவங்க மட்டும் இதை வாங்காதீங்க, நண்டு ஓடு உரிச்ச அன்னைக்கே அந்த மீனுங்க தின்னு தீத்துடும்.