ப்ரோபேட்டும் (உயில் உண்மைன்னு கோர்ட் குடுக்குற சான்று) எங்ககிட்ட, பையரும் எங்ககிட்டன்னு சொல்ற ஆள்கிட்ட சிக்கிடாதீங்க

சென்னையில பெரியவங்க யாராவது தவறிப்போயி, உயில் மூலமா வந்த வீட்டை விக்கிற வேலையில இருக்கீங்கன்னா இதை முழுசா படிச்சுடுங்க, கொஞ்சம் நீளம்தான், சாரி. ஆள் பேர், ஆபீஸ் பேர் எதுவும் போடல. கேஸ் நடக்குறதால போடக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டார், கேட்டாலும் சொல்ல முடியாது.

எங்க பெரியம்மா, அம்மாவோட அக்கா, டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. பெரியப்பா முன்னாடியே தவறிட்டார், குழந்தைங்க இல்ல. திருவல்லிக்கேணில பார்த்தசாரதி கோயில் பக்கம் முக்கால் கிரவுண்ட்ல பழைய வீடு, அவங்க சம்பளத்துல வாங்குனது. 2022ல பெரியம்மா போய்ட்டாங்க. டீச்சர்ங்குறதால எல்லாம் ஒழுங்கா எழுதி வச்சிருந்தாங்க, உயிலை ரிஜிஸ்டரே பண்ணியிருந்தாங்க, எங்க அம்மாவை எக்ஸிக்யூட்டரா (உயிலை நிறைவேத்துறவங்களா) போட்டு, வீட்டை வித்து அம்மாவும் மாமாவும் சரிபாதியா எடுத்துக்கணும்னு தெளிவா இருந்துச்சு. ரெண்டு சாட்சி, ஒருத்தர் அவங்ககூட வேலை பாத்த ஹெட்மாஸ்டர், இன்னொருத்தர் மாடியில குடியிருந்தவர்.

ரிஜிஸ்டர் ஆன உயில்தானே, நேரா பத்திரம் போட்டுடலாம்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. ஆனா அப்ப இருந்த சட்டம் வேற. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, அதுல 57, 213ன்னு ரெண்டு பிரிவு. பழைய மெட்ராஸ், பம்பாய் ஹைகோர்ட்டோட ஒரிஜினல் எல்லைக்குள்ள (ஹைகோர்ட்டே நேரடியா சிவில் கேஸ் விசாரிக்கிற எல்லை) இருக்குற சொத்துக்கு ஒரு இந்து உயில் எழுதினா, அது ரிஜிஸ்டர் ஆயிருந்தாலும் சரி ஆகலன்னாலும் சரி, கோர்ட்ல ப்ரோபேட் வாங்கினாதான் செல்லும்னு கட்டாயம். மதுரையில இருக்குற வீட்டுக்கு மதுரையிலயே எழுதுன உயிலுக்கு இது தேவையே இல்ல. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பாகுபாடு, நம்ம தலையில. வீடு திருவல்லிக்கேணிங்குறதால எங்களுக்கு கட்டாயம்.

இந்த இடத்துலதான் அந்த ஆள் வந்தான். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் பக்கத்துல "லீகல் கன்சல்டன்ட்"னு போர்டு, தெரிஞ்சவங்க மூலமாதான் வந்தான், வக்கீல் கிடையாது ஆனா "நம்ம வக்கீல் இருக்கார்"னு சொல்வான். ப்ரோபேட், வாரிசு சான்று, வரி பேர் மாத்துறது, பையர் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ், மூணரை லட்சம். "அம்மா, நீங்க கோர்ட் படியே ஏற வேணாம், உங்க புள்ள மாதிரி நான் பாத்துக்குறேன்"னு சொல்லித்தான் ஆரம்பிச்சான். அம்மாவுக்கு வயசு எழுபதுக்கு மேல, மாமா கோயம்புத்தூர்ல, நான் வேலை விஷயமா பெங்களூர்ல. ஒரிஜினல் உயில், பெரியம்மா பேர்ல இருந்த பத்திரம், தாய்ப்பத்திரம் எல்லாம் வாங்கிட்டுப் போனான், ஒரு துண்டு ரசீது கூட இல்லாம.

ரெண்டு மாசத்துல பையர் ரெடின்னு வந்துட்டான். "ப்ரோபேட் வர்றவரைக்கும் பார்ட்டி காத்திருப்பார், ஆனா நம்பிக்கைக்கு ஒரு அக்ரிமெண்ட் வேணும்"னு. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து விற்பனை அக்ரிமெண்ட்டை ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், அதனால ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே கையெழுத்து, அட்வான்ஸ் ரெண்டு லட்சம் செக். அதோட பொது அதிகார பவரும் கேட்டான், நல்லவேளை மாமா பேங்க்ல இருந்தவர், பவர் மட்டும் கூடவே கூடாதுன்னு போன்லயே கத்திட்டார். அந்த ஒண்ணுதான் எங்களை காப்பாத்துச்சு.

அக்ரிமெண்ட்ல ஒரு வரி இருந்துச்சு பாருங்க, மொத்த கதையும் அதுலதான். "ப்ரோபேட் கிடைத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் கிரயம் முடித்துக்கொள்ள வேண்டியது." கேக்க நியாயமாதானே இருக்கு? ஆனா ப்ரோபேட்டை வாங்கித் தர வேண்டியவனே அந்த ஆள்தான். அவன் வாங்கலன்னா அந்த மூணு மாசம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. விலை 2022 விலையிலயே நிக்கும், அதுவே மார்க்கெட்டை விட கம்மி, வீடு வில்லங்கத்துல மாட்டிக்கிட்டு இருக்கும், வேற யாருக்கும் விக்க முடியாது, நாம களைச்சுப்போய் என்ன விலை சொன்னாலும் சரின்னு ஒத்துக்குற வரைக்கும் காத்திருக்கலாம். அந்த பையர் வேற யாரும் இல்ல, இவனோட பிசினஸ் பார்ட்னர். அது ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது.

அப்புறம் சாக்குதான். ஜட்ஜ் மாறிட்டார், சம்மர் வெகேஷன், சைட்டேஷன் (கோர்ட் நோட்டீஸ்) போயிருக்கு, பேப்பர்ல விளம்பரம் போடணும் முப்பத்தஞ்சாயிரம் அனுப்புங்க. அனுப்பினாங்க. விளம்பரம் வந்த பேப்பர் கட்டிங் கேட்டா கோர்ட்ல குடுத்தாச்சும்பான். நடுவுல ஒரு பெரிய குண்டு போட்டான். பெரியம்மாவுக்கு குழந்தை இல்லாததால உயில் இல்லன்னா சொத்து பெரியப்பா வீட்டு ஆளுங்களுக்குத்தான் போகும், இது உண்மைதான், இந்து வாரிசுச் சட்டம் 15வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. அதனால கோர்ட்ல அவங்களையும் பார்ட்டியா சேர்க்கணும், அதுவும் உண்மை. அந்த ரெண்டு உண்மைக்கு மேல ஒரு பொய்யை வச்சான்: "பெரியப்பா தம்பி பசங்க கேவியட் (எதிர்ப்பு மனு) போட ரெடியா இருக்காங்க, போட்டா ஓபி (நம்ம ப்ரோபேட் மனு) டிஓஎஸ்ஸா (உயில் வழக்கா) மாறிடும், சிவில் கேஸ் மாதிரி வருஷக்கணக்கா இழுக்கும், ஒரு லட்சம் குடுத்தா பேசி முடிச்சிடுறேன்." அம்மா நகையை வச்சு குடுத்தாங்க.

2024ல நான் சென்னைக்கே மாத்திக்கிட்டு வந்தப்ப, ஃப்ரெண்டோட அக்கா ஹைகோர்ட்ல பிராக்டிஸ் பண்றவங்க, கேஸ் நம்பர் என்னன்னு கேட்டாங்க. அம்மாகிட்ட ஒரு பேப்பர் இருந்துச்சு, எஸ்.ஆர். நம்பர் மட்டும். அவங்க சிரிச்சுட்டாங்க. எஸ்.ஆர். நம்பர்ங்குறது பேப்பரை கவுன்டர்ல குடுத்ததுக்கு அடையாளம், அவ்வளவுதான், கேஸ் நம்பர் ஆகணும்னா ஓபின்னு போட்டு நம்பரும் வருஷமும் வரணும். தேடிப் பாத்தா, சாட்சி அஃபிடவிட் இல்ல, வாரிசுங்க விவரம் முழுசா இல்லன்னு குறை எழுதி அந்த பேப்பரை எப்பவோ ரிட்டர்ன் பண்ணியிருக்காங்க, திரும்ப யாரும் தாக்கல் பண்ணவே இல்ல. கேஸே இல்லாம கேஸ் நடத்தியிருக்கான். இல்லாத கேஸுக்கு பேப்பர் விளம்பரம் வேற.

இதை யார் வேணாலும் வீட்ல உக்காந்தே பாக்கலாங்க, காசே கிடையாது. ஹைகோர்ட் சைட்ல, இ-கோர்ட்ஸ்ல பார்ட்டி பேர் போட்டாலே தேடலாம், அடுத்த ஹியரிங் எப்ப, என்ன ஆர்டர் எல்லாம் வரும். வில்லங்கமும் அதே மாதிரி, பதிவுத்துறை சைட்ல ஃப்ரீயா பாக்கலாம். நாங்க பாத்தப்ப அந்த அக்ரிமெண்ட் ஜம்முனு உக்காந்திருந்துச்சு.

கடுப்பு என்னன்னா, இந்த இழுவையில அந்த ஹெட்மாஸ்டர் 2023ல தவறிட்டார். ப்ரோபேட்டுக்கு சாட்சிங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது, இந்த உயில்ல எங்க கண்ணு முன்னாடிதான் அவங்க கையெழுத்து போட்டாங்கன்னு அஃபிடவிட் குடுக்கணும். மிச்சம் இருந்தவர் மாடி வீட்டுக்காரர், எங்கயோ காலி பண்ணிட்டுப் போயிட்டார். பழைய பால்காரர் மூலமா விசாரிச்சு திருச்சியில கண்டுபிடிச்சோம். பாவம், வயசான மனுஷன், "உங்க பெரியம்மா எங்கிட்ட ஒரு மாசம்கூட வாடகை ஏத்துனதில்ல தம்பி"ன்னு சொல்லிட்டு அன்னைக்கே நோட்டரிகிட்ட வந்தார். அவரும் இல்லாம போயிருந்தா கையெழுத்தை அடையாளம் காட்ட வேற ஆள் தேடி, இன்னும் என்னென்னவோ ஆயிருக்கும்.

பெரியப்பா தம்பி பையனையும் போய் பாத்தேன். கேவியட்டான்னு அவர் முழிச்சார். "அது பெரியம்மா சம்பாதிச்ச வீடு, நாங்க எதுக்கு வரப்போறோம், யார் வந்து கேட்டா?"ன்னார். காபி குடுத்து கன்சென்ட் அஃபிடவிட்ல கையெழுத்தும் போட்டு அனுப்பினார். அந்த ஒரு லட்சம் யார் பாக்கெட்டுக்குப் போச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

ஒரிஜினல் பத்திரங்களை திருப்பி வாங்குறதுதான் பெரிய பாடு. ஃபீஸ் பாக்கி இருக்கு, அது வந்தாதான் கட்டு வரும்னு அந்த "நம்ம வக்கீல்" பக்கத்துல இருந்து பதில். ஃபீஸ் பாக்கின்னு சொல்லி கட்சிக்காரரோட கேஸ் கட்டை வக்கீல் பிடிச்சு வைக்க உரிமை இல்லன்னு சுப்ரீம் கோர்ட் 2000லயே தீர்ப்பு சொல்லியிருக்கு, ஆர்.டி. சக்சேனா கேஸ். புது வக்கீல் அதைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பினதும் உயில் வந்துச்சு. தாய்ப்பத்திரம் மட்டும் "தொலைஞ்சிருக்கலாம்"னான் கன்சல்டன்ட். அப்படின்னா போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்து, நான்-ட்ரேசபிள் சர்டிபிகேட் (தேடியும் கிடைக்கலங்குற சான்று) வாங்கி, பேப்பர்ல விளம்பரம் போட்டு ஒரு சுத்து சுத்தணும், அதுக்கப்புறமும் வாங்குறவங்க சந்தேகமா பாப்பாங்க. ஸ்டேஷன்ல மனு குடுத்த மறுவாரமே அது அவன் பீரோல "கிடைச்சுடுச்சு".

புகார் எங்க குடுக்கணும்ங்குறதுலயும் நிறைய பேருக்கு குழப்பம். வக்கீல் மேல கன்ஸ்யூமர் கோர்ட் போக முடியாது, 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அதை தெளிவா சொல்லிடுச்சு, அதனால அந்த வக்கீல் மேல பார் கவுன்சில்ல புகார், வக்கீல்கள் சட்டம் 35வது பிரிவுல. கன்சல்டன்ட் வக்கீல் இல்லாததால அவன் மேல கன்ஸ்யூமர் கமிஷன்லயே போட்டோம். ரெண்டுக்கும் ஆதாரம் பேங்க் டிரான்ஸ்ஃபரும் வாட்ஸ்அப்பும்தான். நகை வச்சு குடுத்த ஒரு லட்சம் கேஷ், அதுக்கு எதுவுமே இல்ல, கேஷா குடுங்கன்னு அவன் கேட்டதே அதுக்குத்தான்.

ஒழுங்கா தாக்கல் பண்ணி ஓபி நம்பர் ஆனப்புறம் பெரிய சிக்கல் எதுவும் வரல, விளம்பரம் நிஜமாவே வந்துச்சு, யாரும் எதிர்க்கல, 2025ல ப்ரோபேட் வந்துடுச்சு. ரிஜிஸ்டர் ஆன அக்ரிமெண்ட்டை மட்டும் நாம தனியா ரத்து பண்ண முடியாது, அவங்களும் வந்து கையெழுத்து போடணும், இல்லன்னா சிவில் கோர்ட். அட்வான்ஸ் ரெண்டு லட்சத்தோட இன்னும் நாலு லட்சம் கேட்டான் அந்த பார்ட்னர் பையர், கடைசியில ஒண்ணரைக்கு இறங்கி வந்து கையெழுத்து போட்டான். அம்மா உடம்பு முடியாம இருந்தாங்க, சிவில் கேஸ்னு இன்னொண்ணை ஆரம்பிக்க யாருக்கும் தெம்பு இல்ல.

இப்ப ஒரு புது விஷயம். 2025 டிசம்பர்ல அந்த 213வது பிரிவையே எடுத்துட்டாங்க, சென்னை சொத்துக்கும் இனி ப்ரோபேட் கட்டாயம் இல்ல. நல்ல விஷயம்தான். ஆனா வேணும்னா ப்ரோபேட் வாங்கிக்கலாம், உயில்ல தகராறு வர்ற மாதிரி இருந்தா வாங்குறவங்களோ அவங்க பேங்க்கோ கேக்கலாம். அதனால இதே மாதிரி ஆளுங்க இனிமே ரெண்டு பக்கமும் பேசுவாங்க, ஒருத்தன் கட்டாயம்னு சொல்லி ஃபீஸ் கறப்பான், இன்னொருத்தன் "சட்டமே மாறிடுச்சு, நாளைக்கே அக்ரிமெண்ட் போட்டுடலாம்"னு அவசரப்படுத்துவான். ரெண்டையும் அந்த ஆள்கிட்ட கேக்காம, வீட்டை விக்கிறதுல பத்து பைசா லாபம் இல்லாத ஒரு வக்கீல்கிட்ட கேளுங்க. அக்ரிமெண்ட் போட்டே ஆகணும்னா அதுல காலண்டர் தேதி இருக்கணும், அவங்க முடிச்சுக் குடுத்தா ஆரம்பிக்கும்ங்குற மாதிரி தேதி வேண்டவே வேண்டாம்.

கன்ஸ்யூமர் கேஸ்ல வாய்தா மேல வாய்தாதான் போயிட்டிருக்கு, அவன் இன்னும் பதில் மனுவே தாக்கல் பண்ணல. பார் கவுன்சில்ல புகாரை எடுத்துக்கிட்டதா லெட்டர் வந்திருக்கு. அவன் போர்டு மட்டும் மாறிடுச்சு, "லீகல் கன்சல்டன்ட்" போய் இப்ப "ப்ராப்பர்ட்டி சொல்யூஷன்ஸ்", இடம் அதேதான்.