டார்ச் வாங்கப் போகும்போது கேமராவையும் கொண்டுபோங்கள்

மறையூரில் இருந்து எழுதுகிறேன். மலையிறங்கி உடுமலைப்பேட்டைக்குப் போய், ஒரு கடையில் 1,850 ரூபாய்க்கு வாங்கி வந்த டார்ச் லைட் என்னுடைய ஒரு முழு அமாவாசை இரவைப் பாழாக்கிவிட்டது. இரவில் ஒளியால் வரைந்து படம் எடுக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இங்கே கோவில்கடவு என்ற ஊரை ஒட்டிய பாறைமேட்டில் பெருங்கற்கால முனியறைகள் இருக்கின்றன. சுற்றிலும் கற்பலகைகள், மேலே ஒரு மூடுகல். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைத் திறந்துவைத்து, அந்தக் கற்களை டார்ச் வெளிச்சத்தால் தடவித் தடவி எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடைக்காரரிடம் இதை விளக்கமாகவே சொன்னேன். "இதை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா, ஒரு லட்சம் லுமன், மலையே தெரியும்" என்றார். லுமன் என்பது டார்ச் தரும் ஒளியின் அளவு. அட்டைப்பெட்டியிலும் அதே எண். உள்ளிருந்த 18650 வகை பேட்டரியின் மேல், அதன் மின் கொள்ளளவு 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்தவுடனே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்தப் பேட்டரியில் நல்ல நிறுவனங்களே 3,500-ஐ ஒட்டித்தான் தருகின்றன. பேட்டரியில் பொய் சொன்னவர்கள் லுமனில் மட்டும் உண்மையா சொல்லியிருப்பார்கள்?

மாமா மகன் ஷட்டரைப் பார்த்துக்கொண்டான். நான் டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, கேமராப் பக்கம் திருப்பிப் பிடித்து, மூடுகல்லின் விளிம்போரமாகக் கையை வீசிக்கொண்டு போனேன். திரையில் பார்த்தபோது, ஒரே கோடாக ஓட வேண்டிய ஒளி சாக்குப்பைத் தையல் போல விட்டுவிட்டு வந்திருந்தது. மலிவான டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமானால் விளக்கை அணைத்து அணைத்து எரிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. நொடிக்கு 100 முறை அப்படி எரிந்து, கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், 2 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி விழும்.

சரி, முழு வெளிச்சத்திலேயே எடுப்போம் என்று மாற்றினேன். அந்த ஒரே பொத்தானில்தான் மின்னல் போல வெட்டும் முறையும் இருக்கிறது. நான்கு நிமிடம் திறந்துவைத்த படத்தின் நடுவே அது வெட்டி, பாறை முழுவதும் வெளுத்துப்போனது. அடுத்த படத்தில், சூடேறி ஒளி தானாகவே இறங்கியதால் இடப்பக்கக் கல் பளிச்சென்றும் வலப்பக்கக் கல் மங்கியும் வந்தன. நிறமோ அதைவிட மோசம். வட்டத்தின் நடுவில் நீலம், ஓரத்தில் மஞ்சள். கல்லிடுக்கில் காய்ந்து நின்ற புல்லின் பொன்னிறம் சாம்பலாகிவிட்டது. ஒளியிலேயே சிவப்பு போதாதபோது கணினியில் எவ்வளவு திருத்தினாலும் அந்த நிறம் திரும்ப வராது.

திரும்பக் கொண்டுபோனேன். "நன்றாக எரிகிறதே அண்ணா, இதில் என்ன குறை?" என்று கேட்டுவிட்டு, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற பலகையைக் காட்டினார். பில்லை எடுத்துப் பார்த்தேன். அதில் 'டார்ச் 1' என்று மட்டுமே இருந்தது. மாடலும் இல்லை, லுமனும் இல்லை. எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

எனவே கேமராவோடு போங்கள். கடையின் இருட்டு மூலையில் ஷட்டரை ஒரு நொடி வைத்து, டார்ச்சை ஒவ்வொரு வெளிச்ச நிலையிலும் வீசிப் பாருங்கள். கோடு புள்ளியாக விழுந்தால் வேண்டாம். வெள்ளைச் சுவரில் அடித்து நிறம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற அளவு 90-க்கு மேல் உள்ளதைக் கேளுங்கள். இந்த வேலைக்குச் சில நூறு லுமன் தாராளம். மூன்று நிமிடம் எரியவிட்டு, ஒளி இறங்குகிறதா என்று கவனியுங்கள். பில்லில் மாடல் பெயரையும் பெட்டியில் உள்ள லுமன் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். பெட்டியையும் பேட்டரியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே பெட்டியோடு ஏமாந்தவர்கள் உங்கள் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.