பிரவுசிங் சென்டருக்கு ஏற்ற ஸ்கூஷ்

டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பக் காலத்தில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பிரவுசிங் சென்டர்களின் நேரத்தை விழுங்குவது படச் சுருக்கம்தான். புகைப்படம் 20–50 கேபி, கையெழுத்து 10–20 கேபிக்குள் அடங்க வேண்டும். இதற்கு கூகுளின் இலவசக் கருவியான ஸ்கூஷ் நல்ல தேர்வு. படம் எந்த சர்வருக்கும் போகாது. சுருக்கும் வேலை முழுக்க பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. அடுத்தவர் படத்தைக் கையாளும் கடைக்கு வேறென்ன வேண்டும்? ஒருமுறை திறந்துவிட்டால் நெட் போனாலும் ஓடும்.

படத்தை இழுத்துப் போட்டதும் 'ரீசைஸ்' ஆன் செய்து அகலத்தைக் குறையுங்கள். பிறகு மோஸ்ஜேபெக்கில் (ஜேபெக் படமாகச் சுருக்கும் தேர்வு) குவாலிட்டியை 75-லிருந்து நகர்த்த நகர்த்த, கீழே கேபி மாறுவது தெரியும். அகலத்தைத் தொடாமல் குவாலிட்டியை மட்டும் 10 வரை இறக்கினால் முகம் கட்டம் கட்டமாகிவிடும். 20 கேபிக்குக் கீழே போய்விட்டாலும் வம்புதான்.

ஒரு நேரத்தில் ஒரு படம்தான், பிடிஎஃப் கிடையாது. ஐபோனின் ஹெச்இஐசி படத்தை குரோம் திறக்காது. கேமரா ஃபார்மட்ஸில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

குரோம் செட்டிங்ஸின் 'டவுன்லோட்ஸ்' பகுதியில், எங்கே சேமிப்பது என்று ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் மேலப்பாளையத்துக்காரர் கையெழுத்து பேட்டைக்காரர் விண்ணப்பத்தில் ஏறிவிடும். வாடிக்கையாளரே உட்காரும் கணினிக்கு கெஸ்ட் முறை போதும். விண்டோவை மூடியதும் குக்கீகள் அழிந்துவிடும். டவுன்லோட் ஆன ஃபைல் மட்டும் அப்படியே கிடக்கும், அதைக் கையால்தான் நீக்க வேண்டும்.