ஈறு வீங்கினால் கராம்பா, உப்பு நீரா, கொய்யா இலையா?

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஈறு வீங்கினால் முதலில் தேடுவது கராம்பைத்தான். கண்டியிலும் மாத்தளையிலும் விளைகிற சரக்கு. எந்தக் கடையிலும் கிடைக்கும். கடைவாயில் ஒன்றை அடக்கிக் கடித்தால் சுள்ளென்று எரியும், பிறகு அந்த இடமே மரத்துப்போகும். அதிலுள்ள யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருளின் வேலை அது. அம்மா இரண்டு வருடம் இப்படித்தான் சமாளித்தார். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது முந்தானை முடிச்சில் நாலு கராம்பு இருக்கும். வலி அடங்கியிருந்ததால் பல் ஆடத் தொடங்கியதை அவர் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் காலை ரொட்டியைக் கடித்தபோது கீழ்ப்பல் ஒன்று ரொட்டியோடு வந்துவிட்டது. ஓர் இரவு வலியைக் கடத்தக் கராம்பு போதும். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது. கராம்பு எண்ணெயைக் கலப்பில்லாமல் பஞ்சில் நனைத்து வைத்தால் ஈறு வெந்துவிடும்.

என் வாக்கு உப்பு நீருக்கே. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. கொப்பளித்தால் வீக்கம் தணியும், பல்லிடுக்கில் சிக்கியதும் வெளியேறும். மரத்துப்போகச் செய்யாததால் நோய் இருப்பதை இது மூடி மறைப்பதில்லை. அதுவே இதன் பெரிய பலம்.

கொய்யா இலை இதற்கு அடுத்தது. லயத்துக்குப் பின்னால் நிற்கிற மரத்தில் ஐந்தாறு இலை பறித்து, தேயிலைக்கு அடித்த மருந்து பட்டிருக்கலாம் என்பதால் நன்றாகக் கழுவி, நீர் சாயத் தேநீரின் நிறத்துக்கு வரும்வரை கொதிக்க வைத்து, ஆறியபின் கொப்பளிக்க வேண்டும். அந்தத் துவர்ப்பு கசிகிற ஈற்றுக்கு இதமாக இருக்கும்.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பார்கள். ஆனால் அவையும் வேம்பும் வெக்கை நிலத்து மரங்கள். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் நினைத்தவுடன் ஒடித்துக்கொள்ள முடியாது. கரித்தூளும் செங்கல் பொடியும் பல்லைத் தேய்த்து ஈற்றைக் கீறிவிடும், வேண்டவே வேண்டாம்.

வெற்றிலை போட்டால் ஈறு இறுகும் என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பேன், விட்டுவிடுங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

பல்லடியில் கல்லாக இறுகிய காரையை இவற்றில் எதுவும் கரைக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் கசிந்தால், அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான், கிடைக்கும் என்றாலும், அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியரிடம் போய்விடுங்கள். அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போனபோது நான்கு பற்கள் போயிருந்தன.