எடை அங்கி, கணுக்கால் எடை, இடுப்பு பெல்ட்: மாதக்கணக்கில் பயன்படுத்தினால் தெரியவருவது

எடை அங்கி, அதாவது மார்பிலும் முதுகிலும் எடை வைத்த வெயிட் வெஸ்ட் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "இது ஒன்றும் கனமாகவே தெரியவில்லையே." சொன்ன கையோடு எடையைக் கூட்டியும் விடுகிறார்கள். முழங்காலோ கீழ்முதுகோ முணுமுணுக்கத் தொடங்குவது நான்கைந்து வாரம் கழித்து. தசை சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு மாதங்கள் வேண்டும். எலும்பு பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டும் ஒரு சுற்றுக்கே மூன்று நான்கு மாதம் பிடிக்கும். "தாங்குகிறது" என்று உடம்பு சொல்வதாக நாம் நினைக்கும்போது, அங்கே பேசுவது தசை மட்டும்தான்.

ஆகவே ஒரு வாரம் போட்டுப் பார்த்து எழுதும் மதிப்பீட்டை நம்பி இவற்றை வாங்கக் கூடாது. அங்கி, கணுக்கால் மற்றும் மணிக்கட்டு எடைகள், புல்-அப்புக்கு, அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் பயிற்சிக்கு, இடுப்பில் கட்டும் பெல்ட் என்று மூன்று வகையும் ஓராண்டு ஓட்டத்தில் எங்கே உதவுகின்றன, எங்கே காலை வாருகின்றன என்று பார்ப்போம்.

எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன்னால், அந்த எடை உடம்பில் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். உடற்பகுதியில், முதுகும் மார்புமாகப் பிரிந்து உட்கார்ந்த ஒரு கிலோவைச் சுமந்து நடக்க உடல் கூடுதலாகச் செலவழிக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அதே ஒரு கிலோ பாதத்தில் இருந்தால் அந்தச் செலவு நாலு முதல் ஆறு மடங்கு ஆகிவிடும். காரணம் எளிது. அங்கி உடம்போடு சேர்ந்து நகர்கிறது. கணுக்காலில் இருப்பதையோ ஒவ்வொரு அடியிலும் பின்னாலிருந்து முன்னால் வீசி, பிறகு பிடித்து நிறுத்த வேண்டும். சாதாரண நடையில் ஒரு மணி நேரத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேல் வரும். ஒவ்வொரு காலும் மூவாயிரம் தடவை அந்த எடையை வீசி நிறுத்துகிறது. வீசும் வேலை தொடை முன்பக்கத்துக்கும் இடுப்பு மடிப்புத் தசைக்கும், நிறுத்தும் வேலை தொடை பின்பக்கத்துக்கும் போகிறது. இடையில் இழுபடுவது முழங்கால் மூட்டு. அதனால் கணுக்கால் எடையோடு நடப்பது, ஓடுவது, படி ஏறுவது மூன்றையும் வேண்டாம் என்றே சொல்வோம்.

அங்கிக்கு வருவோம். நடைக்கு உடல் எடையில் 5 சதவீதம் தொடக்கம், 10 சதவீதம் உச்சம். 60 கிலோ உள்ளவர் 3 கிலோவில் தொடங்கி 6 கிலோவில் நின்றுவிடலாம். ஏற்கெனவே நடைப்பழக்கம் இல்லாதவர் அங்கி இல்லாமல் தினம் 30 நிமிடம் ஒரு மாதம் நடந்துவிட்டு வரட்டும். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், 15 நிமிடம் போதும். பிறகு எடை, நேரம், ஏற்றம் என்ற மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்ட வேண்டும். எடையைக் கூட்டும் வாரத்தில் மேட்டுப் பாதை கிடையாது. கூட்டுவது இரண்டு வாரத்துக்கு அரை கிலோ. இது மந்தமான வேகமாகத் தெரியும். ஆனால் உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் முழங்காலில் விழும் சுமை ஒவ்வொரு அடியிலும் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மாட்டுவது அரை கிலோ என்றாலும் மூட்டுக்குப் போவது அரை கிலோ அல்ல.

அளவு சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அங்கி இல்லாமல் கெட்டித் தரையில் இருபது அடி நடந்து, காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு அங்கியோடு அதே இடத்தில் நடங்கள். சத்தம் சற்றே கூடினால் சரி. பாதம் "தொப் தொப்" என்று விழுந்தால், இறங்கும் எடையைத் தொடைத் தசை பிடித்து இறக்கவில்லை, எலும்பின்மேல் போடுகிறது என்று பொருள். அரை கிலோவோ ஒரு கிலோவோ கழற்றிவிடுங்கள். நடையின் கடைசி ஐந்து நிமிடத்தில் இதே சோதனையை மறுபடி செய்வது இன்னும் பயனுள்ளது. களைப்பில்தான் நடை கெடும். உடல் முன்னால் சாய்வது, கழுத்து முன்னே நீள்வது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்குவது, எல்லாமே அன்றைக்கு அங்கியைக் கழற்றச் சொல்லும் அடையாளங்கள்.

இறுக்கம்தான் பலர் கோட்டைவிடும் இடம். மார்புப் பட்டையைப் போட்டபின் குதிகாலைத் தூக்கி இரண்டு முறை லேசாகத் துள்ளிப் பாருங்கள். உடம்பு நின்ற பிறகும் அங்கி தனியாக ஒரு தட்டுத் தட்டினால் தளர்வு. ஆடும் அங்கி ஒவ்வொரு அடியிலும் தோளை இரண்டாம் முறை அடிக்கும். மறுபக்கம், ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது விலா முழுதாக விரிய வேண்டும். பட்டை தடுத்தால் ஒரு விரற்கடை தளர்த்துங்கள். தோள்பட்டை அகலம் குறைவாக இருக்கும் அங்கிகளில் எடை முழுவதும் இரண்டு விரல் அகலத்தில் இறங்கி, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றையை அழுத்தும். விரல் மரத்துப்போவது, கை கனத்துப்போவது அதனால்தான். அங்கியைக் கழற்றியதும் சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் பட்டையை மாற்ற வேண்டும். மரப்பு அடுத்த நாளும் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடுப்பில் பெல்ட் இறுக்கிக் கட்டுபவர்களுக்கு வெளித்தொடை எரிவதும் மரப்பதும் இதே கதைதான், வேறு நரம்பு.

மாட்டும்போதும் கழற்றும்போதும் முதுகு பிடித்துக்கொள்வது உண்டு. தரையில் கிடக்கும் 8 கிலோ அங்கியை ஒரு கையால் எடுத்து, உடம்பைத் திருகித் தோளில் வீசினால் கீழ்முதுகுக்குச் செய்யக் கூடாததை எல்லாம் ஒரே வீச்சில் செய்துவிடுகிறோம். இடுப்பு உயர மேசையில் வைத்து, மேசைக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு தோளையும் நுழைத்து எழுந்தால் போதும்.

ஓட்டத்தில் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு. அங்கியோடு ஓடுவது நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களுக்கு மட்டுமே, அதுவும் குறுகிய ஏற்ற ஓட்டங்களில், இறங்கும்போது நடந்து. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி இருந்து, ஒற்றைக் காலில் துள்ளினால் அது கூர்மையானால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அதற்கு ஓய்வும் மருத்துவரும்தான் வழி. தைலம் தடவி நடந்தால் விரிசல் பெரிதாகும்.

கணுக்கால் எடைக்கும் நல்ல இடம் உண்டு. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, குப்புறப் படுத்து முழங்காலை மடக்குவது, நின்றபடி சுவரைப் பிடித்துக் காலைப் பக்கவாட்டில் எடுப்பது. அரை கிலோவில் தொடங்கி, மேலே இரண்டு நொடி, கீழே மூன்று நொடி, 12 தடவை. வேகமாக வீசினால் தசைக்குப் போக வேண்டிய வேலை மூட்டுக்குப் போய்விடும். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டபடி இடைவேளை எடுக்காதீர்கள்; அந்த நேரம் முழுதும் எடை முழங்காலைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். மணிக்கட்டு எடையோடு காற்றில் குத்துவதும் வேண்டாம். கை நீளும் கடைசிக் கணத்தில் முழங்கை அந்த வேகத்தை எலும்போடு எலும்பாக வாங்குகிறது. எந்த எடையையும் கட்டிக்கொண்டு ஆழமான நீரில் இறங்கவே கூடாது.

இடுப்பு பெல்ட்டில் எடை வட்டு மாட்டிப் புல்-அப் எடுப்பவர்கள், எடை இல்லாமல் சுத்தமாக 10 முதல் 12 வரை எடுக்க முடிந்தபின் 2.5 கிலோவில் தொடங்கலாம். சங்கிலி நீளமாக இருந்தால் வட்டு ஊசலாடி இடுப்பைத் திருகும். வட்டு தொடைகளுக்கு நடுவில், முழங்காலுக்கு மேலே நிற்கும்படி சுருக்குங்கள். கொக்கி சுமை தாங்கவென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், சாவிக்கொத்துக் கொக்கி அல்ல. முக்கியமாக, கம்பியிலிருந்து குதிக்கக் கூடாது. கீழே உறுதியான ஒரு பெட்டி போட்டு அதில் கால் வைத்து இறங்குங்கள். கதவுச் சட்டத்தில் மாட்டும் கம்பிக்கும் ட்ரெட்மில்லுக்கும் தயாரிப்பாளர் எழுதியிருக்கும் எடை வரம்பு, நீங்களும் நீங்கள் கட்டியிருப்பதும் சேர்ந்த கணக்கு.

எலும்பு பலப்படும் என்ற விளம்பரத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2000-இல் வெளியான ஓர் ஐந்தாண்டு ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்கள் எடை அங்கியோடு துள்ளல் பயிற்சியும் செய்தபோது இடுப்பெலும்பு அடர்த்தி குறையாமல் காக்கப்பட்டது. ஆனால் கலந்துகொண்டவர்கள் மொத்தம் 18 பேர். 2025-இல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையைக் குறைத்துக்கொண்டிருந்த 150 முதியவர்களில் ஒரு பிரிவினர் 12 மாதம் அங்கி அணிந்தார்கள். இடுப்பெலும்பு இழப்பு மற்ற பிரிவினரைப் போலவேதான் இருந்தது. அங்கியை மாட்டிக்கொண்டு வீட்டில் வளைய வருவதால் எலும்பு கெட்டிப்படும் என்று நம்பி வாங்குவதை நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம். நடையைச் சற்றுக் கடினமாக்க, தொடைக்கும் இதயத்துக்கும் கூடுதல் வேலை கொடுக்க என்றால், அது நியாயமான காரணம்.

முதுகெலும்பு நொறுங்கியவர்கள், முதுகெலும்பு இடைவட்டு பிதுங்கியவர்கள், கர்ப்பிணிகள், அடங்காத ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள், தும்மினால் சிறுநீர் கசிபவர்கள், நடையில் தள்ளாட்டம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொட வேண்டாம். வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அங்கி மார்பையும் முதுகையும் மூடி வியர்வை காய விடாது. புழுக்கமான நாளில் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

ஆறு மாதம் தாண்டியதும் சாமான்களே மாறத் தொடங்கும். முதலில் போவது வெல்க்ரோ. அதன் கொக்கிப் பக்கத்தில் நூலும் முடியும் அடைத்துக்கொண்டு, இறுக்கிய பட்டை பத்து நிமிடத்தில் நழுவும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மாதம் ஒருமுறை கீறி எடுத்தால் ஆயுள் நீளும். மணல் நிரப்பிய கணுக்கால் எடையில் மணல் ஒரு மூலைக்கு இறங்கி, குதிகால் நாண் பக்கம் கட்டியாக உட்கார்ந்து தோலைத் தேய்க்கும். கட்டுவதற்கு முன் மேசையில் தட்டையாக வைத்து உள்ளங்கையால் பரப்புங்கள். தையல் ஓரத்தில் மெல்லிய பொடி தெரிந்தால் எடை கசிகிறது. இரண்டு காலுக்கும் எடை வேறாகிவிடும். இரும்புத் துண்டுகள் செருகும் அங்கியில் வியர்வையால் துரு வரும், துரு ஏறிய விளிம்பு பையைக் கிழிக்கும். துவைக்கும்போது துண்டுகளை எடுத்துவிட்டுக் கையால் அலசி, நிழலில் காயவைத்து, முழுதும் காய்ந்தபின் செருகுங்கள். வாங்கிய அன்றைக்கே சமையலறைத் தராசிலோ உடல் எடை பார்க்கும் கருவியிலோ நிறுத்து, உண்மையான எடையைப் பேனாவால் உள்பக்கம் எழுதிவையுங்கள். மேலே அச்சிட்ட எண்ணும் உள்ளே இருக்கும் எடையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

காய்ச்சலோ பயணமோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் விட்டுப்போனால், முதல் வாரம் அங்கி அலமாரியிலேயே இருக்கட்டும்.