'ஒரே நாளில் இரண்டு பிளான்டேஷன்' பேக்கேஜ்: நியூ ஆர்லியன்ஸ் போகிறவர்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சுற்றி, அடிமைகளை வைத்துக் கரும்பு விளைவித்த பழைய பண்ணைகளும் அவற்றின் மாளிகைகளும் இன்று சுற்றிப்பார்க்கும் இடங்கள். அவற்றைத்தான் பிளான்டேஷன் என்கிறார்கள். 'ஒரே நாளில் இரண்டு பிளான்டேஷன், ஹோட்டல் வாசலில் பிக்கப்' என்று விற்கும் ஓர் இடைத்தரகரிடம் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஏமாந்திருக்கிறது. பெயர் எதற்கு, இதே வேலையைப் பார்க்கிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

காலையில் ஏற்றிக்கொண்ட வேன், மற்ற ஹோட்டல்களைச் சுற்றி ஆள் சேர்த்துக்கொண்டு கிளம்பவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மிசிசிப்பி ஆற்றங்கரையில் போகும் ரிவர் ரோட்டுக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம். முதல் இடத்தில் வழிகாட்டியோடு போகிற குழு உள்ளே போய்விட்டது. அடுத்த குழுவுக்குக் காத்திருந்தால் வேன் கிளம்பிவிடும். அதைவிட, கையில் இருந்த சீட்டு வளாகத்துக்கு மட்டும்தான். மாளிகைக்குள் போகத் தனிச் சீட்டு வேண்டுமாம். இரண்டாவது பிளான்டேஷன்? சாலையோரத்தில் வேனை நிறுத்தி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று போட்டோ எடுக்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். விளம்பரப் பக்கத்தில் இரண்டு வீடுகளின் உட்புறப் படங்களும் இருந்தன. பணம் கட்டிய பிறகு வந்த மெயிலின் அடியில் 'வெளியிலிருந்து பார்வை' என்று ஒரு வரி. கேட்டால் இடைத்தரகர் வேன்காரரைக் கைகாட்டுகிறார், வேன்காரர் இடைத்தரகரைக் கைகாட்டுகிறார்.

இந்த ஏமாற்று எடுபடுவதற்குக் காரணம், வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஆற்றின் இரு கரைகளும் குழப்பம். விட்னி, லாரா, ஓக் ஆலி என்ற மூன்று பிளான்டேஷன்களும் மேற்குக் கரையில், 18-ஆம் எண் மாநிலச் சாலையில் சில மைல் இடைவெளியில் வரிசையாக இருக்கின்றன. டெஸ்ட்ரஹான் கிழக்குக் கரையில், நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கம். மேப்பில் எதிரெதிராகத் தெரிகிற இரண்டு வீடுகளுக்கு நடுவே பாலம் தேடிச் சுற்ற வேண்டியிருக்கும். லூலிங் பக்கம் ஒரு பாலம், கிராமர்சி பக்கம் ஒன்று, டொனால்ட்சன்வில் பக்கம் சன்ஷைன் பாலம். பேக்கேஜில் கிழக்குக் கரை வீடு ஒன்றும் மேற்குக் கரை வீடு ஒன்றும் இருந்தால், ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேளுங்கள். சொந்தமாகக் கார் எடுத்தால் மேற்குக் கரையோடு நிறுத்திக்கொண்டு, காலையில் விட்னி, மதியம் லாரா அல்லது ஓக் ஆலி என்று போவதே நல்லது. விட்னியில் பெரும்பகுதி திறந்தவெளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் புழுக்கத்தில் மதியத்துக்குமேல் நடப்பது, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் கஷ்டம்.

எந்த வீடு என்பதும் முக்கியம். ஓக் ஆலியில் ஆற்றுப் பக்கம் இரு வரிசையாக 28 ஓக் மரங்கள். வீடு 1839-இல் முடிந்தது. அங்குள்ள அடிமைக் குடிசைகள் பின்னாளில் திரும்பக் கட்டப்பட்டவை. லாரா, வெள்ளைத் தூண் மாளிகை அல்ல. பல வண்ணம் பூசிய கிரியோல் வீடு, அதாவது லூசியானாவின் பிரெஞ்சுவழிக் குடும்பங்கள் கட்டிய பாணி. தூண்களை எதிர்பார்த்துப் போனவர்கள் 'இதற்கா இவ்வளவு தூரம்' என்கிறார்கள், ஆனால் கதை கேட்க அருமையான இடம். 2014-இல் திறந்த விட்னி, முழுக்க அடிமைகளின் பக்கத்திலிருந்து பேசுகிறது. 1811 அடிமைக் கிளர்ச்சிக்குப் பிறகு பிடிபட்டவர்களுக்கு விசாரணை நடந்த இடங்களில் ஒன்று டெஸ்ட்ரஹான். கரும்பு வெட்டியவர்கள், வீட்டைக் கட்டியவர்கள் பற்றிச் சுற்றில் பேசுவார்களா, அல்லது சரவிளக்கும் சாப்பாட்டு மேசையும் மட்டும்தானா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மலிவுப் பேக்கேஜ்களில் பெரும்பாலும் சரவிளக்குதான்.

பழைய விளம்பரத் துண்டுகளை நம்பவே வேண்டாம். லூசியானாவில் இருந்த நாட்டவே பிளான்டேஷன் மாளிகையின் படத்தைப் போட்டு யாராவது பேக்கேஜ் விற்றால் விலகிவிடுங்கள். 1859-இல் முடிந்த அந்தப் பிரமாண்ட வீடு 2025 மே 15 அன்று தீயில் அழிந்துவிட்டது.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பக்கமும் இதே கவனம் வேண்டும். பூன் ஹாலில் ஓக் மர வரிசையும் செங்கல் அடிமைக் குடிசைகளும் பழையவை, ஆனால் இப்போது நிற்கும் பெரிய வீடு 1936-இல் கட்டியது. மிடில்டன் பிளேஸில் பிரதான வீடு 1865-லேயே எரிந்துபோய், அதன் பக்கவாட்டுக் கட்டடம் ஒன்றுதான் மிச்சம். அங்கே தோட்டச் சீட்டும் வீட்டுச் சீட்டும் வேறு வேறு. டிரேட்டன் ஹால் உண்மையிலேயே 18-ஆம் நூற்றாண்டு வீடு, ஆனால் உள்ளே மேசை நாற்காலி ஒன்றும் கிடையாது. அப்படியே விட்டிருப்பதுதான் அதன் சிறப்பு. இதையெல்லாம் அந்தந்த இடங்களே மறைக்காமல் சொல்கின்றன. மறைப்பது நடுவில் விற்பவர்கள்.

பழைய மாளிகைகளுக்குப் பேர்போன, மிசிசிப்பி மாநிலத்து நாட்செஸ் ஊரையும் நியூ ஆர்லியன்ஸ் பேக்கேஜில் அதே நாளில் சேர்த்துத் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள், நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு வழிக்கே சுமார் மூன்று மணி நேர ஓட்டம். அங்கே பல மாளிகைகள் தனியார் வீடுகள். வசந்தகாலப் பில்கிரிமேஜ் எனும் வீடு பார்க்கும் விழாச் சமயத்தில்தான் திறப்பார்கள்.

புக் செய்யும்போது தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தவிர்த்து, பிளான்டேஷனின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். விலையை அங்கே பார்த்தால் தரகர் எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். தரகரிடமேதான் வாங்க வேண்டும் என்றால், வீட்டுக்குள் நுழைவு உண்டா, வழிகாட்டிச் சுற்று எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் மெயிலில் வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தைப் பணம் கட்டும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தகராறு வந்ததும் பக்கத்தை மாற்றிவிடுகிறார்கள்.

டெபிட் கார்டு வேண்டாம், கிரெடிட் கார்டில் கட்டுங்கள். அமெரிக்க கிரெடிட் கார்டு என்றால், சொன்னபடி சேவை கிடைக்கவில்லை என்ற புகார், அந்தக் கட்டணம் முதலில் வந்த பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். போனில் சொன்னது மட்டும் போதாது. புகாரோடு விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பிறகு வந்த மெயில், வேலிக்கு வெளியே நின்று எடுத்த அந்தப் போட்டோ மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். போனில் எடுத்த போட்டோவில் நேரம் பதிவாகியிருக்கும், லொகேஷன் ஆனில் இருந்திருந்தால் இடமும்.